கழிக்கப்பட்ட கணிப்பொறியும் இரண்டு குழந்தைகளும்

2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை தொடங்கிய முதல் வாரம். ராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்கக் குடியிருப்பொன்றில் வசிக்கும் நண்பர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு மேல் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். அம்பாசமுத்திரத்துப் பக்கத்தவர், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். எளிதில் நிதானம் இழக்காதவர் என்று பெயர் பெற்றவர். அன்று அவர் முகம் வாடிக் கறுத்திருந்தது. கையிலிருந்த கைப்பேசியை நம் முன் வைத்து, அதில் பணம் கழிந்த கணக்கைச் சுட்டிக் காட்டினார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன், மூன்று வாரங்களில் ரூ.1,840-ஐச் சிறுகச் சிறுகச் செலவழித்திருந்தான். எதற்காக? கைப்பேசி விளையாட்டொன்றில் வரும் பொம்மை வீரனுக்கு வண்ண உடையும் ஆயுதமும் வாங்குவதற்காக!

"அண்ணாச்சி, நாளை முதல் இந்த வீட்டில் விளையாட்டு என்ற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டேன். அவன் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவன் தாயார் என்னோடு பேசவில்லை. மூத்தவளோ, 'கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருந்தால் அவன் உங்கள் போனைத் தொட்டிருக்க மாட்டான்' என்று எனக்கே நியாயம் சொல்கிறாள். நான் என்ன செய்யட்டும்?"

வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டில் விளையாட்டுக்கென்றே அமைத்த கணிப்பொறி இருக்கிறதாம். அறுபதாயிரம் ரூபாய்க்குக் குறையாத பொருள். நண்பரோ மாதந்தோறும் ஊரிலிருக்கும் தாயாருக்குப் பணம் அனுப்புகிறவர். அறுபதாயிரம் என்ற சொல்லை உச்சரித்தபோதே அவர் குரல் தாழ்ந்தது. பிள்ளை ஆசைப்பட்டதை மறுக்கவும் மனம் இல்லை. கொடுக்கவும் வகை இல்லை. இந்த நிலை நம்மில் பலருக்குப் புதிதன்று.

விளையாட்டே வேண்டாம் என்று விலக்குவதில் நமக்கு உடன்பாடு இல்லை. நாம் ஊரில் கிட்டியும் கோலியும் ஆடியவர்கள். ஆற்று மணலில் பொழுதைக் கழித்தவர்கள். டெல்லிக் குழந்தைகளுக்கு மேயிலும் ஜூனிலும் வெளியே அனல் காற்று. நவம்பர் பிறந்தால் புகைமூட்டம். மாலையில் ஒன்றரை மணி நேரம் பூங்காவில் ஓடியாட முடிந்தால் அது பெரும் பேறு. மீதிப் பொழுதில் அவர்கள் திரையை நாடுவதில் வியப்பென்ன? ஆனால், விளையாட்டில் விளையாட்டு உண்டு. பணம் வைத்துப் பணம் எடுக்கலாம் என்று ஆசை காட்டும் இணையச் சூதாட்டங்களை நாடாளுமன்றம் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சட்டம் இயற்றித் தடை செய்தது. பையன் ஆடியது அந்த வகை அன்று. எனினும், காசு கேட்டுக் கொண்டே இருக்கும்படி அமைக்கப்பட்ட கைப்பேசி விளையாட்டுக்கும், ஒருமுறை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் ஆடக்கூடிய கணிப்பொறி விளையாட்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பெற்றோர் அறிந்து கொள்வது நல்லது. இதை நண்பரிடம் சொன்னோம். பிறகு துணிந்து இன்னொன்றும் சொன்னோம்: "பதினைந்தாயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். குழந்தைகள் இருவரையும் ஞாயிற்றுக்கிழமை எம்மோடு அனுப்புங்கள். அவர்கள் கையாலேயே ஒன்றை அமைத்துவிடுவோம்."

நாம் பொறியியல் கற்றவர் அல்லோம். அலுவலகத்தில் பழைய சாமான்களைக் கணக்கெடுத்து, 'கழிக்கத் தக்கவை' என்று பட்டியல் எழுதி ஏலத்திற்கு அனுப்பும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவர்கள். அந்தப் பட்டியலில் நாற்காலி, அலமாரிகளுக்குக் கீழே வரிசை வரிசையாகக் கணிப்பொறிகள் வரும். ஐந்து ஆறு ஆண்டு உழைத்தவை. பகலெல்லாம் கடிதம் அடித்ததும் கணக்குப் போட்டதும் தவிர வேறு வேலை செய்தறியாதவை. கார் ஓட்டத் தெரியாத முதியவர் வாங்கி, கோவிலுக்கு மட்டும் ஓட்டிய வண்டியைப் போன்றவை என்று வைத்துக் கொள்ளுங்கள். பெரிய கம்பெனிகளும் குத்தகைக் காலம் முடிந்ததும் இவற்றை நூற்றுக்கணக்கில் வெளியேற்றுகின்றன. அவை கை மாறிக் கை மாறி நேரு பிளேஸ் வந்து சேருகின்றன.

அந்த ஆண்டில் இவை இன்னும் அதிகமாக வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 10-க்குப் பொதுவாக அளித்து வந்த பாதுகாப்பை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்துவதாக முன்கூட்டியே அறிவித்திருந்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11 ஏற்க வேண்டுமானால், இன்டெல் பிராசசர் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். நான்காம் தலைமுறையும் ஆறாம் தலைமுறையும் நன்றாக ஓடிக் கொண்டிருந்தபோதே வெளியேற்றப்பட்டன. அலுவலகங்களுக்கு அது நட்டம். நம்மைப் போன்றோருக்கு வாய்ப்பு.

ஞாயிறன்று நேரு பிளேஸ் சென்றோம். அடுக்குமாடிகள் நடுவே பரந்த முற்றம். அதில் கைப்பேசிக் கண்ணாடி ஒட்டுவோர், மசி விற்போர், 'என்ன வேண்டும் சார்' என்று தோளைத் தொட்டு அழைப்போர். பெண் எட்டாம் வகுப்பு முடித்தவள், கையில் குறிப்பேடு. பையன் பேசவே இல்லை. அவன்மேல் இருந்த பழி இன்னும் ஆறவில்லை போலும்.

முதலில் பெட்டியைத் தேர்ந்தோம். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அலுவலகக் கணிப்பொறிகளில் ஒல்லியான பெட்டி, அகன்ற கோபுரப் பெட்டி என இரு வகை உண்டு. ஒல்லியானது பார்வைக்கு அழகு. விலையும் சற்றுக் குறைவு. ஆனால் அதற்குள் உயரம் குறைந்த கிராஃபிக்ஸ் கார்டே அடங்கும். அத்தகைய கார்டு அரிது, விலையும் அதிகம். ஆகவே கோபுரப் பெட்டியாகப் பார்த்து, டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 ஒன்றை ரூ.5,500-க்கு எடுத்தோம். 2013-இல் வந்த ஐ5-4570 பிராசசர், நான்கு கருக்கள். நான்கு நான்காக எட்டு ஜி.பி. ராம். எட்டு ஜி.பி.யை ஒரே துண்டாகப் போடுவதைவிட இரண்டு துண்டாகப் போடுவது விளையாட்டுக்கு நல்லது. இரு வாய்க்கால்களில் நீர் பாய்வதுபோல் பிராசசருக்கு விரைந்து செய்தி சேரும். கடையிலேயே மின்சாரம் கொடுத்து ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தோம்.

பெட்டிக்குள் மின்சாரம் பகிரும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் உறுப்பின் அளவைக் குழந்தைகளை விட்டே படிக்கச் சொன்னோம். 290 வாட். அதிலிருந்து மதர்போர்டுக்குச் செல்லும் இணைப்பு அந்தக் கம்பெனிக்கே உரிய எட்டு முனை இணைப்பு. கடையில் விற்கும் பொது எஸ்.எம்.பி.எஸ்.ஐ அப்படியே அதில் மாட்ட முடியாது. ஆகவே, இருக்கும் 290 வாட்டுக்குள் குடித்தனம் நடத்தியாக வேண்டும். வருவாய்க்குத் தக்க செலவு என்பது இங்கும் பொருந்துகிறது!

விளையாட்டுக் கணிப்பொறிக்கு உயிர்நிலை கிராஃபிக்ஸ் கார்டு. பழைய கார்டுகளின் சந்தைக்கு ஒரு வரலாறு உண்டு. எதீரியம் என்னும் மின் நாணயத்தை உண்டாக்குவதற்காக உலகெங்கும் ஆயிரமாயிரம் கார்டுகளை இரவு பகலாக ஓட்டிக் கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் அந்த நாணயத்தின் முறை மாறியது. கார்டுகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அவை மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. ஆர்.எக்ஸ். 580 போன்றவை அவற்றுள் பல. ஆற்றல் மிக்கவைதாம், ஆனால் ஓய்வின்றி உழைத்து விசிறி தேய்ந்தவை, வெப்பப் பசை காய்ந்தவை. மேலும் ஆர்.எக்ஸ். 580-க்கு 185 வாட் வேண்டும்; தனி மின் இணைப்பும் வேண்டும். நம் பெட்டிக்கு ஆகாது. மதர்போர்டில் கார்டு செருகும் துளை அதிகப்பட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்குள் அடங்குபவை 2014-இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ.யும், 2016-இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ.யும். முன்னது 60 வாட். பின்னது 75 வாட், நான்கு ஜி.பி. நினைவகம். பின்னதைத் தேடினோம்.

இனி வருவது நம் அறிவீனத்தின் கதை. மாடிப்படிக்கு அடியில் இருந்த கடையொன்றில் 1050 டி.ஐ. என்று ஒட்டிய கார்டு ஒன்றை ரூ.4,200-க்குக் கொடுத்தார்கள். மற்ற இடங்களைவிட அறுநூறு ரூபாய் குறைவு. அதன் தலையில் ஆறு முனை மின் இணைப்பு ஒன்று இருந்தது. 'இது வேண்டாமென்று படித்தேனே' என்று பெண் மெல்லச் சொன்னாள். கடைக்காரர் சிரித்து, அதற்கென ஒரு மாற்று வயரை இலவசமாகவே எடுத்து வைத்தார். இலவசம் என்றதும் நம் கண் மறைந்தது. சிறுமியின் சொல்லைக் கேளாமல் பணத்தைக் கொடுத்தோம்.

வீட்டில் மாட்டிப் பார்த்தபோது படம் வந்தது, விளையாட்டுத்தான் நகரவில்லை. திரையில் வீரன் ஒரு காலைத் தூக்கினால் மறு காலை வைக்க நாழிகை ஆயிற்று. பையனின் முகத்தைப் பார்க்க நமக்குத் துணிவில்லை. பெண் தன் குறிப்பேட்டைப் புரட்டி, ஜி.பி.யு.-இசட் என்னும் இலவச மென்பொருளை இறக்கி ஓட்டினாள். கார்டின் பெயருக்கு முன் அடைப்புக்குள் 'போலி' என்று ஆங்கிலத்தில் எழுதி வந்தது. உள்ளே இருந்தது 2010-இல் வெளிவந்த ஜி.டி.எஸ். 450-இன் சில்லு. அதற்குள் பெயரை மட்டும் மாற்றி எழுதி, புது ஒட்டுத்தாள் ஒட்டி விற்றிருக்கிறார்கள். பிறகு ஆராய்ந்ததில் இன்னொரு தடயமும் தெரிந்தது. கார்டின் முதுகில் பழைய மானிட்டருக்குரிய நீல நிறப் பதினைந்து துளை இணைப்பு இருந்தது. 1050 டி.ஐ. தலைமுறைச் சில்லுகளில் அந்தப் பழைய முறைக்கு இடமே இல்லை. அந்த நீலத் துளையைக் கண்டதுமே ஐயம் கொண்டிருக்க வேண்டும். வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

"மாமா, நாம் ஏமாந்துவிட்டோமா?" என்று பையன் கேட்டான். அன்று அவன் பேசிய முதல் வாக்கியம் அது.

"ஆமாம் தம்பி. உன் அக்கா சொன்னதைக் கேட்காததால் நான்தான் ஏமாந்தேன்."

அவன் சிறிது நேரம் யோசித்தான். "நானும் அப்படித்தான் ஏமாந்தேன். முதல் உடுப்பு இலவசம் என்று போட்டிருந்தது" என்றான். அடுத்த அறையில் நாளிதழ் படித்துக் கொண்டிருந்த அவன் தந்தை இதழைத் தாழ்த்தி மகனைப் பார்த்ததை நாம் கண்டோம். ஒன்றும் பேசவில்லை. ஆயினும் அன்றிரவு அவர்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து உண்டார்கள் என்று பிறகு அறிந்தோம்.

மறுநாள் கார்டைத் திருப்பக் கொண்டு சென்றோம். கடையில் வேறொருவர் இருந்தார். விற்றவர் ஊருக்குப் போய்விட்டாராம். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாதாம். ரசீது கேட்டு வாங்காதது நம் இரண்டாவது பிழை. ஒரு மணி நேரம் வாதாடிய பிறகு, நண்பர் தம் அலுவலக அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுக் காவல் நிலையம் எங்கே என்று கேட்டதால், மூவாயிரம் திரும்பியது. ரூ.1,200 நட்டம். கார்டையும் அவர்கள் வாங்கிக் கொள்ளவில்லை. அது பையனிடமே இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்த்தே அவன் விசிறி எப்படிச் சுழல்கிறது, வெப்பம் எப்படி இறங்குகிறது என்று கற்றான்.

இரண்டாம் முறை விழிப்போடு சென்றோம். மென்பொருட்களைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, கடைக்காரரின் கணிப்பொறியிலேயே கார்டை மாட்டி, பெயர் மெய்யா என்று பார்த்து, பதினைந்து நிமிடம் கடும் வேலை கொடுத்து, வெப்பம் எவ்வளவு ஏறுகிறது, படத்தில் புள்ளியோ கோடோ தோன்றுகிறதா என்று நோக்கினோம். நேர்மையான வணிகர் இதற்குச் சலிப்பதில்லை. இவர் தேநீரும் வரவழைத்தார். ரூ.4,800, கையெழுத்திட்ட ரசீது, ஒரு மாத உத்தரவாதம். மின் இணைப்பும் இல்லை, நீலத் துளையும் இல்லை.

பெட்டியைத் திறந்த மாலை ஒரு திருவிழா மாலைதான். டெல்லிப் புழுதியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. பத்து ஆண்டுப் புழுதி உள்ளே கம்பளிபோல் படிந்து கிடந்தது. மூக்கில் துணி கட்டிக் கொண்டு, பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்று, வண்ணம் பூசும் தூரிகையால் தட்டித் துடைத்தார்கள். விசிறியை ஊதும்போது அதைச் சுழல விடாமல் விரலால் பிடித்துக் கொள்ள வேண்டும், இல்லையேல் பழுதாகும். தொடுமுன் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டு, உடலில் தேங்கிய மின்னை இறக்கிவிட வேண்டும். பையன் ஒவ்வொரு முறையும், கோவிலில் படி தொட்டு வணங்குவதுபோல், இரும்பைத் தொட்டுவிட்டே உள்ளே கை வைத்தான்.

பிராசசர் மேலுள்ள பழைய பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. அதை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, துவரம்பருப்பை விடச் சற்றுப் பெரிய அளவு புதுப் பசை வைத்தோம். அதிகம் வைத்தால் நன்மை அதிகம் என்று எண்ணுவோர் உண்டு, அப்படியன்று. பிராசசரை மட்டும் குழிவிலிருந்து தூக்க விடவில்லை. இன்டெல் வகையில் முடியினும் மெல்லிய முனைகள் மதர்போர்டிலேயே நிற்கின்றன. ஒன்று வளைந்தாலும் போயிற்று. மதர்போர்டில் ஒட்டியிருந்த காசு வடிவ மின்கலமும் தீர்ந்து போயிருந்தது. அதனால்தான் நாளும் மணியும் ஒவ்வொரு முறையும் பழைய காலத்துக்கே ஓடின. சி.ஆர். 2032 என்று கேட்டால் எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மாற்றியதும் பெட்டி நிகழ்காலத்துக்கு வந்தது.

பெட்டியோடு வந்த 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை யாரும் துடைத்திருக்கவில்லை. திறந்தவுடன் ஒரு கம்பெனியின் சம்பளப் பட்டியல், பலருடைய பான் அட்டை, வங்கிக் கணக்கு எண்கள். அவற்றுக்கு நடுவே ஒரு குழந்தையின் முதலாண்டுப் பிறந்தநாள் படங்கள் முப்பது நாற்பது. அந்த மேசையில் இருந்தவர் எவரோ, வீட்டுப் படத்தை அலுவலகக் கணிப்பொறியில் வைத்திருந்தார். பெண் திகைத்துப் போனாள். "மாமா, இவர்களிடம் இந்தப் படங்கள் வேறு இருக்குமா? இல்லாவிட்டால்?" என்று கேட்டாள். அதற்கு நம்மிடம் நல்ல விடை இல்லை. பட்டியலிலிருந்த தொலைபேசி எண்களுள் ஒன்றை அழைத்து விசாரிக்கலாமா என்று நண்பர் தயங்கினார். பிறர் கணக்கைப் படித்து அழைப்பதும் முறையன்று. அழைத்தால் நம்மைத் திருடர் என்று எண்ணவும் கூடும். கடைசியில் மேற்கொண்டு எதையும் திறவாமல், தட்டு முழுவதும் சுழியம் எழுதி அழித்தோம். அழிந்து முடிய மூன்று மணி நேரம் போல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அந்தப் பெண் அருகிலேயே அமர்ந்திருந்தாள். நாமும் பல ஆண்டுகள் 'கழிக்கத் தக்கவை' என்று கையெழுத்திட்டோமே, அவற்றுள் எத்தனை தட்டுகள் துடைக்கப்பட்டன என்று அன்றுதான் நம்மை நாமே கேட்டுக் கொண்டோம்.

அந்தத் தட்டைப் பொருள் சேமிக்க வைத்துக் கொண்டு, புதிதாக வாங்கிய 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் கணிப்பொறியின் இயக்கத்தை அமைத்தோம். பழைய பெட்டிக்கு நீங்கள் ஒன்றே ஒன்று செய்ய முடியுமானால் இதைச் செய்யுங்கள்; மூன்று நிமிடத்தில் எழுந்தது அரை நிமிடத்துக்குள் எழும். விண்டோஸைக் காசின்றி ஏற்றித் தருவதாகக் கடையில் சொன்னார்கள். திருட்டுப் பிரதி; அதை மறுத்தோம். குழந்தைகளுக்கு முதலில் கற்பிக்க வேண்டிய பாடம் அதுவா? லினக்ஸ் மின்ட் என்னும் விலையில்லா இயக்கத்தை ஏற்றினோம். 2018 முதல் ஸ்டீம் விளையாட்டுக் கடை, விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டுகளையும் லினக்ஸில் ஓட்ட புரோட்டான் என்னும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. எல்லாம் ஓடா, ஏமாற்றுக்காரரைப் பிடிக்கும் காவல் மென்பொருள் கொண்ட வேலரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவை லினக்ஸில் இடம் தருவதில்லை. வகுப்புத் தோழன் ஆடுவது அவற்றில் ஒன்றாதலால் பையனுக்கு முதலில் வருத்தமே. ஆனால் சூப்பர்டக்ஸ்கார்ட் என்னும் விலையில்லாப் பந்தய விளையாட்டில் அக்காவை மூன்று முறை தோற்கடித்ததும் வருத்தம் பாதி குறைந்தது. போர்ட்டல் 2, ஸ்டார்டியூ வேலி போன்றவை தள்ளுபடிக் காலத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. பின்னது ஒரே ஒரு மனிதர் நான்கு ஆண்டுக்கு மேல் தனியே உழைத்து உருவாக்கிய உழவு விளையாட்டு. நண்பரே அதில் இரவில் கத்தரிக்காய் பயிரிடுகிறார் என்று அவருடைய மனைவியார் நம்மிடம் முறையிட்டார்.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். பெட்டி 5,500, எஸ்.எஸ்.டி. 1,500, கார்டு 4,800, பழைய இருபது அங்குல மானிட்டர் 2,000, விசைப்பலகையும் மவுஸும் 650, வைஃபை செருகி 400, பசை, தூரிகை, மின்கலம் 250. ஆக ரூ.15,100. நம் அறிவீனத்துக்கு ரூ.1,200 சேர்த்தால் ரூ.16,300. அந்த 1,200-ஐ நாமே தர முன்வந்தோம், நண்பர் ஏற்கவில்லை. பாட்டி கொடுத்த கைக்காசில் பையன் சேர்த்து வைத்திருந்த ரூ.1,840-ஐ, எண்ணி, தந்தையின் கையில் கொடுத்தான். சரியாக அந்தத் தொகையை அவன் எப்படிச் சேர்த்தான் என்று நாம் கேட்கவில்லை.

நாம் வாங்கிய காலம் நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்காக நினைவகச் சில்லுகளைச் செய்வோர் அங்கேயே திரும்பிவிட்டதால், 2025 இறுதியில் ராமின் விலையும் எஸ்.எஸ்.டி.யின் விலையும் மளமளவென ஏறின. ஆகவே இப்போது வாங்குவோர், பெட்டியிலேயே எட்டு ஜி.பி. இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது பிழைக்கும் வழி. கார்டின் ஆயுளையும் மறைக்க விரும்பவில்லை. 1050 டி.ஐ., 750 டி.ஐ. தலைமுறைகளுக்குப் புது விளையாட்டுகளுக்கேற்ப இயக்கி மென்பொருள் வெளியிடுவதை என்விடியா நிறுவனம் 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஏற்கெனவே உள்ள விளையாட்டுகளுக்கு இதனால் இடையூறில்லை. நாளை வரும் பெரு விளையாட்டுகள் இதில் ஓடும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

கபாடிவாலாவிடம் எடைக்குப் போடும் கணிப்பொறிகள் எங்கே போகின்றன? பெரும்பகுதி யமுனைக்கு அப்பால் சீலம்பூர் போன்ற இடங்களுக்கு. அங்கே செம்புக்காக வயரைக் கொளுத்துகிறார்கள். பலகையை அமிலத்தில் தோய்க்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களுள் சிறுவர்களும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள், கழிவைப் பதிவு பெற்ற நிலையங்களில் சேர்க்கச் சொல்கின்றன. பழுது பார்த்து மீண்டும் பயன்படுத்துவதையும் வரவேற்கின்றன. நம் உறுப்பினர் வீடுகளில் பரணில் உறங்கும் பெட்டிகள் பல இருக்கும். எறியுமுன் ஒருமுறை சொல்லுங்கள். தட்டைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள்.

இப்போது பையனுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், ஞாயிறன்று இரண்டு. இந்த விதியை வகுத்தவள் அக்காள். கணிப்பொறியின் கடவுச்சொல் அவளிடம். லுவான்டி என்னும் கட்டை அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு விலையின்றிக் கிடைக்கிறது, கைப்பேசியிலும் ஓடும். அம்பாசமுத்திரத்தில் அவனுடைய அத்தை மகன் கைப்பேசியிலிருந்தும், இவன் டெல்லியிலிருந்தும் ஒரே ஊரைக் கட்டுகிறார்கள். தொலைபேசி ஒலிபெருக்கியில் பேச்சு நடக்கிறது. இந்தியிலேயே கனவு காணும் இந்தப் பிள்ளை, 'மச்சான், வாய்க்காலை இந்தப் பக்கம் வெட்டு, மதகை மறந்துட்டியே' என்று கூவுவதை நம் காதால் கேட்டோம். மதகு என்ற சொல்லை யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று கேட்டோம். பாட்டிதான் அந்தப் பக்கம் அருகில் உட்கார்ந்து, எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்லிக் கொண்டிருக்கிறாராம்.

சென்ற வாரம் முனீர்க்காவிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். வீட்டு வேலை செய்து பிழைப்பவர், விழுப்புரத்துக்காரர். மகன் ஏழாம் வகுப்பு. கையில் ரூ.6,000 இருக்கிறது, ஆகுமா என்று கேட்டார். மானிட்டர் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பெட்டி ஒன்றை ஓர் உறுப்பினர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒல்லியானதா, கோபுரமா என்று இன்னும் பார்க்கவில்லை. 750 டி.ஐ. ஒன்றுக்காகப் பெண்ணும் பையனும் வரும் ஞாயிறு நேரு பிளேஸ் போகிறார்கள். பென் டிரைவை மறக்க வேண்டாம் என்று பையன் நமக்கு நினைவூட்டியிருக்கிறான்.